நல்லாக் கதைக்கிறார் என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள்

போன ஆவணியில் வீட்டுக்கு ஒரு லீசிங் கடிதம் வந்தது. ஓட்டோவுக்குத் தவணை கட்டவில்லையாம். பெயர் என் கணவருடையது. எங்களிடம் ஓட்டோவே இல்லை.

இவர் மேசன். இரண்டு வருடத்துக்கு முன், யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது பலாலி வீதியில் நாய் குறுக்கே பாய்ந்தது. ஹெல்மெட் போட்டிருந்தார், பட்டி பூட்டவில்லை. டயக்னோசிஸ் கார்ட்டில் ஜி.சி.எஸ். 7 என்று எழுதியிருந்தது. தலையில் அடிபட்டவருக்கு நினைவு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் அந்த அளவு 3 முதல் 15 வரை; 8உம் அதற்குக் கீழும் என்றால் கடுமையான காயம். ஒன்பது நாள் ஐ.சி.யூ. மூன்று மாதத்தில் நடந்தார், ஆறு மாதத்தில் முந்தி மாதிரியே கதைத்தார். 'ஆள் தேறிட்டார்' என்றது சனம். நானும் அதைத்தான் நம்ப விரும்பினேன்.

அடிபட்டது நெற்றிப் பக்கத்து மூளை. யோசித்து முடிவெடுப்பது, கோபத்தை அடக்குவது, தொடங்கிய வேலையை முடிப்பது எல்லாம் பெரும்பாலும் அந்த இடத்தின் வேலை. பேச்சு கெடாமலே இவை கெடலாம். தேநீர் எப்படிப் போடுவது என்று கேட்டால் இவர் படிப்படியாகச் சொல்வார். குசினிக்குள் விட்டால் காஸைத் திறந்துவிட்டு முற்றத்தில் போய் நிற்பார். மகன் டீவியைச் சத்தமாக வைத்தால் கத்துவார். அரை மணித்தியாலத்தில் கத்தியதே ஞாபகம் இராது. மகனுக்கு இருக்கும். தனக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் இவர் நினைக்கிறார். அது வீம்பு இல்லை, குறையை உணரும் தன்மையும் காயத்தோடு போய்விட்டது.

இதைத்தான் ஒரு தரகர் பிடித்துக்கொண்டார். சந்தித் தேத்தண்ணிக் கடைப் பழக்கம். "அண்ணை, உங்கட பேரில ஓட்டோ எடுப்பம். என்ர பொடியன் ஓடுவான், லாபத்தில பாதி உங்களுக்கு." முன்பணத்துக்கு என் காப்புச் சோடி அடகுக்குப் போனது அலுமாரியைத் திறந்தபோதுதான் தெரிந்தது. மாதம் 28,500 ரூபா, 48 மாதம். ஒரு பை சீமெந்துக்கு மூன்று கடையில் விலை கேட்ட மனிசன் இவர்.

லீசிங் அலுவலகத்தில் இருந்த தம்பி, "அக்கா, அண்ணை தெளிவாத்தானே கதைச்சவர்" என்றார். பொய் இல்லை, பத்து நிமிடம் கதைத்தால் யாருக்கும் தெரியாது. நெற்றித் தழும்பைப் பற்றிக் கேட்டும் இருக்கிறார். "சின்ன அக்சிடன்ட்" என்றாராம் இவர். அதோடு சரி. மாதக் கடைசி, இலக்கு முடிக்க வேண்டியிருந்திருக்கும். வீட்டுக்கு ஒரு போன் இல்லை. பிணை நின்றதும் தரகரின் ஆள்.

இவரைக் கேட்டேன். "நான் என்ன விசரனே?" என்றார். இரண்டு நாள் சாப்பிடவில்லை.

சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போனேன், மருத்துவக் கடிதம் வேண்டுமென்றார்கள். கிளினிக் கொப்பியில் வலிப்புக் குளிசையும் அடுத்த திகதியும்தான் இருந்தன. பிழை என்னிலும் உண்டு. டொக்டர் கேட்கும்போதெல்லாம் இவர் "சுகம்" என்று சொல்ல, நான் வாய் திறக்காமல் பக்கத்தில் நின்றேன். பிறகு தொழில்வழிச் சிகிச்சை (அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குவது) செய்யும் பிள்ளை ஒருவர் 500 ரூபாவும் மூன்று சாமான் எழுதிய துண்டும் கொடுத்து இவரைக் கடைக்கு அனுப்பி, பின்னாலேயே போய்ப் பார்த்தார். ஒரு சாமான் வாங்கி, மிச்சக் காசை வழியில் கேட்டவருக்குக் கொடுத்துவிட்டு வந்தார் இவர். கடிதத்தில் ஏறியது அதுதான்.

நிறுவனம் ஓட்டோவைத் திருப்பி எடுத்துக்கொண்டது. காப்பும், பயத்தில் நான் கட்டிய இரண்டு தவணையும் போனது போனதுதான். தரகரின் போன் ஓஃப்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் அவரோடு கதைத்து, அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் உங்கள் கையில் வைத்திருங்கள். வீட்டில் நடப்பதை ஒரு தாளில் எழுதி டொக்டரிடம் கொடுங்கள். ஆளை வைத்துக்கொண்டு வாயால் சொல்ல மனம் வராது. சந்திக் கடைக்காரருக்கும் சொல்லி வையுங்கள். நான் வெட்கத்தில் சொல்லவில்லை.

தரகரைப் போன கிழமை கோண்டாவில் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில் கண்டதாக மச்சாள் சொன்னா. பக்கத்தில் ஊன்றுகோலோடு ஒருவர் இருந்தாராம்.