லினக்ஸ் லேப்டாப்பில் யூஎஸ்பி வைஃபை அடாப்டர்: எஸ்.பி. ரோட்டில் வாங்குவதற்கு முன்பும் நாள்பட ஓட்டிய பின்பும்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மீடியாடெக் எம்டி7612யு சிப் உள்ள அடாப்டர் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். ரியல்டெக் 8811சியு போட்ட நகத்தளவு நானோ அடாப்டர் கொடுத்த காசுக்குப் பரவாயில்லை, ஆனால் லேப்டாப்பில் எந்தக் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஓடுகிறது என்று பார்த்த பிறகே. பெட்டியில் சிப் பெயரே இல்லாமல் 'ஏசி1300' என்று மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் டாங்கிள், சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

பெங்களூருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் எந்தக் கடையில் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "லினக்ஸ், விண்டோஸ், மேக் எல்லாத்துலயும் ஓடும் சார்." அவர்கள் பொய் சொல்லவில்லை, பெட்டியில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. அந்த 'லினக்ஸ்' என்ற சொல்லுக்குப் பெரும்பாலும் என்ன பொருள் என்றால், என்றோ ஒரு பழைய கெர்னலுக்கு எழுதிய டிரைவர் மூலநிரல் கூட வரும் குட்டி சிடியில் இருக்கிறது என்பதுதான். அதனால் கடைக்குப் போகும்போது லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு போங்கள். பணம் கொடுக்கும் முன் "அண்ணா, ஒரு நிமிஷம் செருகிப் பாத்துக்கறேன்" என்று கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. டெர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி கமாண்ட் அடித்தால் டிரைவரே இல்லாவிட்டாலும் அடையாள எண் வந்துவிடும். 0ஈ8டி:7612 என்று வந்தால் எம்டி7612யு. 0பிடிஏ என்று தொடங்கினால் ரியல்டெக், பின்பாதி எண்ணை வைத்துத்தான் எந்த சிப் என்று தெரியும். மாடல் பெயரை நம்பக் கூடாது. டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் இதற்குப் பழைய உதாரணம்: முதல் பதிப்பில் ஏதெராஸ் ஏஆர்9271, இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக். பெயர் அதேதான், உள்ளே ஆள் வேறு.

கெர்னல் கணக்கு இது. எம்டி7612யு டிரைவர் 4.19-லிருந்தே கெர்னலுக்குள் இருக்கிறது. ரியல்டெக் 8811சியு, 8821சியு, 8822பியு சிப்களுக்கு யூஎஸ்பி ஆதரவு 6.2-ல் வந்தது. 8811ஏயு, 8812ஏயு என்ற பழைய சிப்களுக்கு 6.13 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உபுண்டு 24.04 வெளிவந்தபோது கெர்னல் 6.8, ஆகவே சியு வரிசை அதில் நேராகவே ஓடும். ஏயு வரிசை ஓடாது, 24.04.3-ல் 6.14 வந்த பிறகுதான் ஓடும். யூநேம் -ஆர் அடித்து எண்ணைப் பார்த்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினால் பாதி வேலை முடிந்தது.

எம்டி7612யு-வைச் செருகினால் சில நொடிகளில் நெட்வொர்க் பட்டியல் வந்துவிடும். வராவிட்டால் கெர்னலின் பதிவுகளைக் காட்டும் டிஎம்எஸ்ஜி கமாண்டை அடித்துப் பாருங்கள். ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஏற்றப்படும் குட்டி நிரல்) லோட் ஆகவில்லை, எரர் -2 என்று இருந்தால் அந்தக் கோப்பு சிஸ்டத்தில் இல்லை என்று பொருள். டிரைவரை நோண்ட வேண்டாம், ஃபர்ம்வேர் பேக்கேஜைப் போட்டால் போதும். நெட்டே இல்லாமல் அதை எப்படி இறக்குவது? ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்து போனின் நெட்டைப் பகிரும் யூஎஸ்பி டெதரிங் போட்டால் லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும்.

நானோ ரியல்டெக்கில் முதல் நாளே வேறொரு கூத்து. எல்எஸ்யூஎஸ்பி-யில் 0பிடிஏ:1ஏ2பி என்று வந்தால் அடாப்டர் தன்னை வைஃபை என்று சொல்லவில்லை, விண்டோஸ் டிரைவர் அடங்கிய சிடி என்று சொல்லிக்கொள்கிறது. யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் பேக்கேஜ் இருந்தால் பெரும்பாலும் தானே மாறிவிடும். மாறாவிட்டால் ஃபைல் மேனேஜரில் தெரியும் அந்த சிடியை 'இஜெக்ட்' செய்தால், வைஃபை முகத்தோடு திரும்பி வரும்.

உண்மையான தலைவலி கெர்னலுக்கு வெளியே இருக்கும் டிரைவரில். கிட்ஹப்பிலிருந்து இறக்கி, டிகேஎம்எஸ் (கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரை மறுபடி கட்டும் கருவி) வழியாகக் கம்பைல் செய்தால் அன்றைக்கு அருமையாக ஓடும். அதை நம்பி 'எல்லாம் சரியாகிவிட்டது' என்று எழுதும் முதல் வார விமர்சனங்கள்தான் பலரைக் கவிழ்க்கின்றன. நீண்ட கால ஆதரவுப் பதிப்பான உபுண்டு எல்டிஎஸ் கூட ஆறேழு மாதத்துக்கு ஒரு முறை புதிய கெர்னலுக்குத் தாவும். கெர்னலின் உள் அமைப்பு சற்று மாறினாலும் பழைய டிரைவர் கம்பைல் ஆகாது. ரீபூட் செய்தால் வைஃபை காணாமல் போயிருக்கும். வேலியில் போகிற ஓணானை மடியில் விட்டுக்கொள்வது என்பது இதுதான். அப்போது செய்ய வேண்டியது: பூட் ஆகும்போது வரும் கிரப் திரையில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கெர்னலில் பூட் செய்து, நெட்டைப் பிடித்து, புதிய டிரைவரை இறக்குவது. பழைய கெர்னலை ஆட்டோரிமூவ் போட்டுத் துடைத்துவிட்டவர்களுக்குப் போன் டெதரிங்தான் கதி. புதிய கெர்னலில் உள்ளேயே டிரைவர் வந்துவிட்டதென்றால் டிகேஎம்எஸ் டிரைவரை நீக்கிவிடுங்கள். இரண்டும் ஒரே சிப்புக்குப் போட்டிபோட்டால் இணைப்பு வந்து வந்து போகும்.

செக்யூர் பூட் (கையொப்பம் இல்லாத டிரைவரை ஏற்ற விடாத பாதுகாப்பு) ஆனில் இருந்தால் இன்னொரு பொறி. டிகேஎம்எஸ் போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும், அடுத்த பூட்டில் நீலத் திரை பத்து நொடி காத்திருக்கும். அதில் 'என்ரோல் எம்ஓகே' (டிரைவரின் கையொப்பச் சாவியைப் பதிவது) தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். டீ எடுக்கப் போன நேரத்தில் அந்தத் திரை கடந்துவிட்டால், டிரைவர் சரியாகக் கம்பைல் ஆகியிருந்தும் 'கீ வாஸ் ரிஜெக்டட்' என்று மறுக்கப்படும். மோக்யூடில் இம்போர்ட்டை மறுபடி ஓட்டினால் அந்தத் திரை திரும்ப வரும். செக்யூர் பூட்டையே அணைத்துவிடச் சொல்வார்கள் சிலர். அவசியமில்லை.

நாள்பட ஓட்டும்போது தெரிகிற கோளாறுகள் வேறு வகை. வீடியோ கால் நடுவே தேங்கித் தேங்கிப் போனால் முதல் சந்தேகம் பவர் சேவ் மீது. நெட்வொர்க் மேனேஜர் கான்ஃபிக்கில் வைஃபை.பவர்சேவ் மதிப்பு 3 என்றிருந்தால் 2 ஆக்குங்கள். 2 என்றால் அணை என்று பொருள். லேப்டாப்பை மூடித் திறந்ததும் அடாப்டர் செத்துக் கிடந்தால் மோட்ப்ரோப் -ஆர் போட்டு டிரைவரை நினைவகத்திலிருந்து விலக்கி மறுபடி ஏற்றினால் உயிர் வரும். கழற்றிச் செருகுவதும் அதே வேலைதான், போர்ட்தான் தேயும். பேட்டரி மிச்சம் பிடிக்கும் டிஎல்பி கருவி வைத்திருப்பவர்கள் அடாப்டரின் எண்ணை யூஎஸ்பி_டினைலிஸ்ட்டில் சேர்த்துவிடுங்கள். எம்டி7612யு-வுக்கு உள்ள குறை என்றால், சில யூஎஸ்பி 3 கன்ட்ரோலர்களில் பாரம் ஏறியதும் இணைப்பு அறுவது. டிரைவரின் எம்டி76_யூஎஸ்பி மாட்யூலுக்கு டிஸேபிள்_யூஎஸ்பி_எஸ்ஜி=1 கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

வேகத்தில் ஏமாற வேண்டாம். ஏசி1200 என்பது 5 கிகாஹெர்ட்ஸில் 867, 2.4-ல் 300 என்று இரண்டையும் கூட்டிச் சொல்லும் கணக்கு. ஒரே நேரத்தில் இரண்டும் கிடைக்காது. அடாப்டரே யூஎஸ்பி 2.0 என்றால் மொத்தக் குழாயே 480 மெகாபிட்தான், அதிலும் கையில் வருவது இன்னும் குறைவு. சரி, யூஎஸ்பி 3 அடாப்டரை வாங்கி யூஎஸ்பி 3 போர்ட்டில் செருகலாம் என்றால் அங்கே வேறு சிக்கல்: யூஎஸ்பி 3-ன் இரைச்சல் சரியாக 2.4 கிகாஹெர்ட்ஸ் மேலேயே விழுகிறது. பக்கத்தில் வெளி ஹார்டு டிஸ்க் ஓடினால் 2.4 சிக்னல் தள்ளாடும். அரை மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் இதற்கு நல்ல மருந்து. சூடாகும் நானோவும் லேப்டாப் உடம்பை விட்டு விலகி மூச்சு விடும்.

பிடிஎம் லேஅவுட், மடிவாளா பக்கம் பிஜி-க்கள் அடுக்கடுக்காக இருக்கும் தெருக்களில் 2.4-ஐ மறந்துவிடுங்கள். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே, வீடுகளோ நூறு. 5 கிகாஹெர்ட்ஸில் ஓட்டினாலும், கரண்ட் போய் வந்த பிறகு அடாப்டர் 2.4-லேயே ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். பழி அடாப்டர் மீது இல்லை. ரவுட்டர் 52 முதல் 144 வரையிலான சேனலில் இருந்தால், ரேடார் இருக்கிறதா என்று குறைந்தது ஒரு நிமிடம் கேட்டுவிட்டுத்தான் ஒலிபரப்பத் தொடங்கும். அதற்குள் லேப்டாப் கிடைத்ததைப் பிடித்துக்கொள்கிறது. ரவுட்டரில் 36–48 அல்லது 149–161-க்குள் நிலையாக ஒரு சேனலை வைத்தால் இந்தத் தொல்லை போய்விடும். நெட்வொர்க் பெயரே பட்டியலில் வராவிட்டால் ஐடபிள்யூ ரெக் கெட் அடித்துப் பாருங்கள். நாடு யூஎஸ் என்றிருந்தால் 12, 13-ம் சேனல்கள் கண்ணில் படாது. ஐஎன் என்று மாற்ற வேண்டும்.

லேப்டாப்பைத் திறக்கத் தயக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை: உள்ளே வைஃபை கார்டுக்கான எம்.2 2230 ஸ்லாட் இருந்து, பயாஸ் வேறு கார்டை மறுக்காவிட்டால், இன்டெல் ஏஎக்ஸ்210 போடுவதே மேல். கெர்னல் 5.10 முதல் ஓடும், வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. கடையில் ஏஎக்ஸ்211-ஐ நீட்டினால் வாங்காதீர்கள். அது சில இன்டெல் போர்டுகளில் மட்டுமே பேசும் வேறு ரகம், பார்க்க அப்படியே இருக்கும்.