மதுரைத் திட்டம்: வகுப்பறைக்கும் ஆய்வேட்டுக்கும் தகுமா?

வடசென்னைக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். எண்ணூரிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் வரும் என் மாணவர்களில் பலருக்கு, ஒரு பருவத்துக்கு வேண்டிய பதிப்புகளை விலை கொடுத்து வாங்க வசதி இல்லை. ஆகவே, 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம் என்னும் இணையத் தொகுப்பின் இலவசத் தமிழ் இலக்கிய மின்னூல்களையே பல ஆண்டுகளாக வகுப்பில் பயன்படுத்தி வருகிறேன்.

வள்ளலாரின் திருவொற்றியூர்ப் பாடல்களைப் பற்றி என் மாணவி ஒருவர் எழுதிய ஆய்வேட்டில், இம்மின்பதிப்பைச் சுட்டிய அடிக்குறிப்புகள் அனைத்தையும் தேர்வாளர் சிவப்பு மையால் அடித்து, ‘அச்சு நூலைக் காட்டுக’ என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. அச்சேறியது என்பதாலேயே ஒரு நூல் நம்பத்தக்கதாகிவிடாது. தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார், எந்தப் பதிப்பை மூலமாகக் கொண்டார்கள் என்று கேட்டுத்தான் அதை எடைபோட வேண்டும். மதுரைத் திட்டத்தின் கோப்புகள் முதலிரண்டு கேள்விகளுக்கும் முகப்பிலேயே பெயர் சொல்லி விடையளிக்கின்றன. அந்த முகப்பை நீக்காமல்தான் கோப்பைப் பிறருக்குப் பகிரலாம் என்ற நிபந்தனையும் உண்டு. மலிவுப் பதிப்புகள் பலவற்றில் இந்த அளவு நேர்மையைக்கூட நான் கண்டதில்லை.

மூன்றாவது கேள்வியில்தான் குறை. மூலப்பதிப்பு எது என்று தெளிவாகச் சொல்லாத கோப்புகள் இருக்கின்றன. பாடவேறுபாட்டை, அதாவது பதிப்புக்குப் பதிப்பு சொற்கள் மாறுவதை, ஆராய்பவருக்கு அவை போதா.

தேடும் வசதியோ அச்சு நூலால் தர முடியாதது. ‘ஒற்றி’ என்னும் சொல் எங்கெல்லாம் ஊர்ப்பெயராக மட்டும் நிற்கிறது, எங்கெல்லாம் அடமானம் என்ற பொருளும் சேர்ந்து ஒலிக்கிறது என்பதே அம்மாணவியின் கேள்வி. ‘ஒற்றியூர்’ என்று முழுமையாகத் தேடினால் ‘ஒற்றியூரில்’, ‘ஒற்றியூரா’ போன்ற வடிவங்கள் நழுவிவிடும். புள்ளி வைத்த ரகரத்தை விட்டு ‘ஒற்றியூ’ என்று தேட வேண்டும். சீர் பிரிப்பில் சொல் இரண்டாக உடைந்த இடங்களைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். தேரடியில் தியாகராசர் கோயிலுக்கு வெளியே அமர்ந்து, கைப்பேசியில் ஒவ்வொரு அடியாக நகர்த்தி அவர் குறித்துக்கொண்ட பட்டியலை நான் பார்த்திருக்கிறேன். அது ஆய்வுதான், ஐயமே இல்லை.

எழுத்தின் தகுதியைப் பற்றிய சச்சரவு இந்தப் பாடல்களுக்குப் புதிதன்று. ஏழுகிணற்றில் வாழ்ந்து, திருவொற்றியூருக்கு நடந்தே சென்று வழிபட்ட வள்ளலாரின் பாடல்கள் 1867இல் திருவருட்பா என்ற பெயரில் வெளிவந்தபோது, அப்பெயருக்கு அவை உரியவை அல்ல என்று யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் மறுத்தார். இரு தரப்பாரும் கண்டன நூல்களாலும் துண்டறிக்கைகளாலும் வாதிட்டார்கள். எந்தப் பல்கலைக்கழகத்தின் ஒப்புதலும் பெறாத அந்த வெளியீடுகளைத்தான் இன்றைய ஆய்வாளர்கள் முதன்மைச் சான்றுகளாக எடுத்தாள்கிறார்கள்.

சக ஆசிரியர்களுக்கு இத்தொகுப்பைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். அடிக்குறிப்பில் கோப்பு எண்ணையும் பார்த்த நாளையும் எழுதச் சொல்லுங்கள்; வாதத்துக்கு அடிப்படையான வரிகளை மட்டும் கன்னிமாராவிலோ மறைமலையடிகள் நூலகத்திலோ அச்சுப் பதிப்போடு ஒப்பிடச் சொல்லுங்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து அங்கே சென்று திரும்ப அரைநாள் போதும்.