புதுச்சேரியில் குடியிருக்க: வாய்க்காலுக்குக் கிழக்கா, மேற்கா?

வீடு தேடும்போது எங்களுக்கு ஒரே நிபந்தனைதான். கார் கிடையாது, பால் வாங்குவதிலிருந்து எல்லாமே நடைதான், அதனால் நடக்கத் தோதான தெருவாக இருக்க வேண்டும். ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதி, மேற்கே தமிழ்ப் பகுதி, இரண்டிலும் ஏறி இறங்கிக் கடைசியில் மேற்கே குடிவந்தோம்.

கிழக்கின் பெருமையைச் சொல்லவே வேண்டாம். மஞ்சள் சுவர், காகிதப்பூ, சாயங்காலமானால் வண்டிகளை நிறுத்திவிடும் கடற்கரைச் சாலை. வாடகையும் ஊரறிந்ததுதான், விடுங்கள்.

எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் டச்சுக்காரர்கள் போட்ட நேர்கோட்டுத் தெருத் திட்டத்தை ஒட்டித்தான் இந்த ஊர் வளர்ந்தது. வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் அதே நேர்த்தெருக்கள், அதே வெயில், அதே கடற்காற்று. வீடு தெருவைத் தொடுகிற இடம் மட்டும் அடியோடு மாறிவிடுகிறது. பிரெஞ்சு வீட்டின் அழகில் பெரும்பங்கு, வளைவு வைத்த வராந்தாவும் தோட்டமும், மதிலுக்கு உள்ளே. தெருவில் போகிறவருக்குக் கிடைப்பது உயரமான சுவரும் சாத்திய கேட்டும். படம் எடுக்க அருமையான சுவர்தான், ஆனால் உச்சி வெயிலில் மதிலுக்கு நிழல் ஏது, மரம் இருக்கும் தெருவாகப் பார்த்துப் போக வேண்டியதுதான். தமிழ் வீடு தன் அழகை வெளியே கொண்டுவந்து வைக்கிறது: மரத்தூண் மேல் சரிந்து இறங்கும் ஓட்டுத் தாழ்வாரம், அதற்கடியில் திண்ணை. நிழலும் உண்டு, உட்காரவும் இடம் உண்டு, யாராவது உட்கார்ந்திருப்பதால் ராத்திரி நடக்கப் பயமும் இல்லை. வைசியாள் வீதிக்குப் போய்ப் பாருங்கள். அங்கே வீட்டு முகப்புகளை, மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு சீரமைத்ததற்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

ஆனால் தமிழ்ப் பகுதி முழுக்க அப்படி இல்லை. பல தெருக்களில் தாழ்வாரத்தை இடித்துவிட்டு ஷட்டர் போட்டிருக்கிறார்கள், திண்ணை இருந்த இடத்தில் பைக் நிற்கிறது. பெரிய மார்க்கெட் பக்கம் காலையில் நடப்பது ஒரு வித்தை. அமைதிதான் முக்கியம் என்றால் யோசிக்காமல் கிழக்கே போய்விடலாம்.

பராமரிப்பு பற்றி வாடகைக்காரனான நான் அதிகம் பேசக்கூடாது. மர உத்தரங்கள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரை இரண்டு பகுதியிலும் உண்டு, மழைக்காலத்தில் ஒழுகுவதில் பாகுபாடு பார்க்காது. பழைய சுண்ணாம்புச் சுவரில் யாராவது சிமென்ட் பூசியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். பூசியிருந்தால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் பூச்சு உப்பி உதிரும். எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவர் இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறது, ஓனரிடம் சொல்லியிருக்கிறோம். கடற்கரை? வாய்க்காலைத் தாண்டி நேராக நடந்தால் வந்துவிடும்.