பழைய ஸ்கேடாவைப் புது விண்டோஸுக்கு மாற்றப் போகிறீர்களா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

ஸ்கேடா எனப்படும், ஆலையைத் திரையில் காட்டி இயக்க உதவும் பழைய கட்டுப்பாட்டு மென்பொருளைப் புதிய விண்டோஸுக்கு மாற்றித் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனம் எங்கள் ஆலையை ஏமாற்றிவிட்டுப் போயிருக்கிறது. பெயரைப் போடவில்லை. ஆனால் அவர்கள் செய்த வேலையின் மாதிரியைத் தெளிவாகச் சொல்கிறேன். இதே வேலையை இன்னும் பலர் விற்கிறார்கள், வாங்கப் போகிறவர்களுக்கு அடையாளம் தெரிய வேண்டும்.

எங்களிடம் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடிய ஒரு ஸ்கேடா. கீழே இயந்திரங்களை நேரடியாக இயக்கும் பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கணினி; இரண்டும் சீரியல் கேபிள் வழியே மோட்பஸ் ஆர்டியூ என்ற தொடர்பு முறையில் பேசும். நன்றாகத்தான் ஓடியது. எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்றே நிறுத்திவிட்டது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் உலகம் முழுக்கப் பரவியது. 2018 ஆகஸ்டில் அதன் ஒரு வகை டிஎஸ்எம்சி சிப் ஆலைகளுக்குள் நுழைந்து, பேட்ச் போடாத விண்டோஸ் 7 இயந்திரங்களில் பரவி உற்பத்தியை நிறுத்தியது. இதையெல்லாம் பார்த்த பிறகு மாற்றியே ஆக வேண்டும் என்று நிர்வாகம் முடிவெடுத்தது சரியான முடிவு. மதர்போர்டு போனால் மாற்ற அதே ரக போர்டும் கிடைக்காது. பணம் ஒதுக்கினார்கள், டெண்டர் விட்டார்கள், இவர்கள் வந்தார்கள். விலைப்புள்ளியில் இருந்த வாசகம்: "தற்போதைய ஸ்கேடாவை விண்டோஸ் 10-க்கு முழுமையாக இடமாற்றம் செய்தல்."

அவர்கள் செய்தது இடமாற்றமே இல்லை. புது கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10 போட்டு, அதற்குள் ஒரு வர்ச்சுவல் மெஷினில் (கம்ப்யூட்டருக்குள் மென்பொருளால் ஆன இன்னொரு கம்ப்யூட்டர்) பழைய எக்ஸ்பியை அப்படியே பிரதி எடுத்து வைத்து, அதன் திரையை முழு அளவில் விரித்துவிட்டார்கள். பிஎல்சியோடு பேசி அதன் தரவை ஸ்கேடாவுக்குத் தரும் ஓபிசி சர்வர் மட்டும் வெளியே, விண்டோஸ் 10-இல். உள்ளே இருக்கும் எக்ஸ்பி ஸ்கேடா அந்த சர்வரிடம் டிகாம் (விண்டோஸ் நிரல்கள் கம்ப்யூட்டர்களுக்கிடையே பேசும் மைக்ரோசாஃப்ட்டின் முறை) வழியாக டேக்குகளை, அதாவது லெவல், பம்ப் நிலை போன்ற ஒவ்வொரு அளவையும், கேட்டு வாங்கும். பார்ப்பவர்களுக்குப் புது கம்ப்யூட்டர், புது மானிட்டர், பழகிய திரைகள். திரை வந்ததும் கடைசித் தவணையும் போய்விட்டது, ஏனென்றால் ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்தார்கள்: "திரைகள் இயங்கியதும்."

சில மாதங்கள் ஒரு தொந்தரவும் இல்லை. 2023 மார்ச் மாத விண்டோஸ் அப்டேட் இறங்கி, கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆனது. அன்று இரவு ஷிஃப்டில் கன்ட்ரோல் ரூமில் பாய்லருக்குத் தண்ணீர் தரும் ஃபீட் டேங்கின் லெவல் 62.4 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்தது. பம்ப் பச்சை. அலாரம் ஒன்றும் இல்லை. திரையின் மூலையில் கடிகாரம் நொடி நொடியாக ஓடியது. எங்கள் டேங்க்குக்குத் தண்ணீர் நிரப்பும் மேக்கப் வால்வை ஆபரேட்டர்தான் திரையைப் பார்த்துத் திறக்க வேண்டும். அவர் திறக்கவில்லை; 62.4 இருக்கும்போது எதற்குத் திறப்பார்? ரவுண்ட்ஸ் போன ஃபீல்ட் ஆபரேட்டர் வாக்கி டாக்கியில் கூப்பிட்டார்: "அண்ணே, சைட் கிளாஸ்ல தண்ணி அடிமட்டத்துக்குப் போயிருச்சு, ஏன் இன்னும் மேக்கப் திறக்கலை?" இவர் திரையைப் பார்த்து, "இங்கே அறுபத்திரண்டு காட்டுதே" என்று சொல்லி முடிப்பதற்குள் பிஎல்சி, தண்ணீர் குறைந்தால் தானாக நிறுத்தும் தன் லோ லெவல் இன்டர்லாக்கில் பம்பை நிறுத்திவிட்டது. நின்ற பிறகும் திரையில் பம்ப் பச்சையாகவே இருந்தது.

பிஎல்சி தன் வேலையைச் செய்ததால் ஆளுக்கும் இயந்திரத்துக்கும் சேதம் இல்லை. ஸ்கேடாவை நம்பி இன்டர்லாக்கை பிஎல்சிக்கு வெளியே வைத்திருக்கும் ஆலையாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு இன்னும் வயிறு கலங்குகிறது.

நடந்தது இதுதான். டிகாமில் இருந்த ஒரு பாதுகாப்புக் குறையை மூட மைக்ரோசாஃப்ட் மூன்று கட்டமாக அப்டேட் வெளியிட்டது. 2021 ஜூனில் மாற்றம் வந்தது, ஆனால் அணைத்த நிலையில். 2022 ஜூனில் தானாகவே இயங்கும் நிலைக்கு வந்தது. விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றி அணைத்துக்கொள்ளலாம். 2023 மார்ச் 14 முதல் அணைக்கவே முடியாது. இந்த அட்டவணை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது, ஓபிசி வேலை செய்யும் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. எங்கள் பழைய ஸ்கேடாவோ டிகாமில் தாழ்ந்த பாதுகாப்பு நிலையைத் தானே கேட்கும்படி எழுதப்பட்டது, வெளியிலிருந்து அதை உயர்த்த வழியில்லை. இவர்கள் வேலையை முடித்தது இரண்டாவது கட்டத்துக்கும் மூன்றாவது கட்டத்துக்கும் இடையில். ரெஜிஸ்ட்ரியில் அந்த மதிப்பைப் பூஜ்யமாக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்தக் கதவு எந்தத் தேதியில் மூடப்படும் என்பது அதைத் தொட்டவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. தேதி தெரிந்தே விற்றிருக்கிறார்கள்.

அப்டேட் இறங்கியதும் ஓபிசி சர்வர் எக்ஸ்பியின் அழைப்பை மறுத்தது. விண்டோஸின் பிழைப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 10036 என்ற எண்ணோடு வரிசையாகப் பிழைகள் நின்றன. வர்ச்சுவல் மெஷினும் ரீஸ்டார்ட் ஆகியிருந்தால் டேக்குகள் காலியாகவாவது வந்திருக்கும், யாராவது கவனித்திருப்பார்கள். அப்படி ஆகவில்லை. வெளியே கம்ப்யூட்டர் நிற்கும்போது உள்ளே இருப்பதை அப்படியே உறைய வைத்து, மறுபடி எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும் அமைப்பில் வைத்திருந்தார்கள். அதனால் கடைசியாக வாங்கிய எண்கள் திரையிலேயே தங்கிவிட்டன.

இதைவிட எனக்குப் பொறுக்கமுடியாதது ஒன்று உண்டு. ஓபிசியில் ஒரு டேக் வெறும் எண்ணாக வருவதில்லை. மதிப்பு, தரம், நேரம் மூன்றும் சேர்ந்து வரும். இணைப்பு அறுந்தால் தரம் "பேட்" ஆகும், ஸ்கேடா அந்த எண்ணை வேறு நிறத்தில் காட்டவோ கேள்விக்குறி போடவோ வேண்டும். எங்கள் பழைய திரைகளில் அது இருந்தது. இவர்கள் அதை எல்லாத் திரையிலும் நீக்கியிருந்தார்கள், தொடர்பு அறுந்தால் அடிக்க வேண்டிய அலாரத்தையும் சேர்த்து. ஏன் தெரியுமா? பழைய கம்ப்யூட்டரில் இருந்த நேரடி சீரியல் போர்ட்டுக்குப் பதில் மலிவான யுஎஸ்பி கன்வெர்ட்டர் போட்டார்கள். மோட்பஸ் ஆர்டியூவில் ஒரு செய்தி முடிந்தது என்பதை மூன்றரை எழுத்து நேர மௌனத்தை வைத்துத்தான் அறிய வேண்டும். நொடிக்கு 9600 பிட் வேகத்தில் அது ஏறக்குறைய 4 மில்லிநொடி. பல கன்வெர்ட்டர் சிப்புகள் தரவைச் சேர்த்து வைத்து 16 மில்லிநொடிக்கு ஒருமுறை கொடுக்கும்படிதான் வரும். அந்த அமைப்பைச் சரிசெய்யாமல் விட்டதால் நிறுவி ஓட்டிப் பார்க்கும் கமிஷனிங் நேரத்தில் தொடர்பு விட்டு விட்டு வந்தது, எண்கள் கண்சிமிட்டின. கன்வெர்ட்டரைச் சரிசெய்ய வேண்டியவர்கள் கண்சிமிட்டுவதை அணைத்தார்கள்.

கூப்பிட்டோம். வந்த இன்ஜினியர், "சார், இது மைக்ரோசாஃப்ட் அப்டேட்டால வந்தது, எங்க வேலையில தப்பில்லை, வாரன்டியில வராது" என்றார். தீர்வாக அவர் சொன்னது: அந்த அப்டேட்டை நீக்கிவிட்டு இனி எந்த அப்டேட்டும் இறங்காமல் நிறுத்தி வையுங்கள். பாதுகாப்புக்காகத்தான் இந்தச் செலவே. அப்டேட்டை நிறுத்தினால் எதற்காக மாற்றினோம்? அதோடு, திரைகளைத் திருத்துவதற்கான மூல ப்ராஜெக்ட் ஃபைல்களைக் கேட்டபோது, அவை தங்கள் பாஸ்வேர்டில் இருப்பதாகவும் தனிக் கட்டணம் ஆகும் என்றும் சொன்னார்கள். வேறு ஆட்களை வைத்து முதலிலிருந்து செய்தோம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வர்ச்சுவல் மெஷின் வைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 16-பிட் நிரல்கள் 64-பிட் விண்டோஸில் ஓடாது, விண்டோஸ் 11 64-பிட்டில் மட்டுமே வருகிறது, பழைய 32-பிட் டிரைவர்களும் அதில் ஏறாது. இப்படிப்பட்ட இடங்களில் பழையதை ஒரு பெட்டிக்குள் வைத்து, நெட்வொர்க்கிலிருந்து பிரித்து, கொஞ்ச காலம் ஓட்டுவது நேர்மையான வழிதான். ஆனால் அதை அப்படியே எழுதி, அதற்கான விலையைத்தான் கேட்க வேண்டும். "முழுமையான இடமாற்றம்" என்று எழுதி விற்பது மோசடி.

நீங்கள் வாங்கப் போகிறீர்கள் என்றால், பழைய ஸ்கேடா எந்த இயங்குதளத்தில் நேரடியாக ஓடும் என்பதை எழுத்தில் கேளுங்கள். எந்தப் பதிப்பு என்பதையும் கேளுங்கள். சாதாரண விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 அன்று ஆதரவு முடிந்தது. அதன் ஐஓடி என்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021 பதிப்புக்கு 2032 ஜனவரி வரை இருக்கிறது. ஒரே பெயர் போலத் தெரியும், வித்தியாசம் பல வருடங்கள். புதிதாகக் கட்டும் தொடர்பு டிகாமை நம்பாத ஓபிசி யூஏவாக (ஓபிசியின் புதிய வடிவம்) இருக்கட்டும். மூல ஃபைல்கள், பாஸ்வேர்டு, லைசென்ஸ் டாங்கிள் (மென்பொருள் ஓடக் கம்ப்யூட்டரில் செருக வேண்டிய சாவி) எல்லாம் உங்கள் பெயரில், உங்கள் கையில். கடைசித் தவணையைத் திரை வருவதோடு கட்டாதீர்கள். பேக்கப்பை எடுத்து வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு உங்கள் கண்முன் ஓட்டிக் காட்ட வேண்டும், அன்றைய தேதி வரையுள்ள எல்லா அப்டேட்டும் ஏற்றி ரீஸ்டார்ட் செய்து காட்ட வேண்டும், பிஎல்சி கேபிளைப் பிடுங்கினால் எல்லாத் திரையிலும் அது தெரிய வேண்டும். அதற்கு அப்புறம்தான் பணம்.

இப்படி ஒன்று ஏற்கெனவே உங்களிடம் ஓடிக்கொண்டிருந்தால், அடுத்த ஷட்டவுனில் அந்த கேபிளைக் கழற்றிப் பாருங்கள். எண்கள் நிறம்கூட மாறாமல் அப்படியே நின்றால், உங்களிடமும் தரக்குறி அணைக்கப்பட்டிருக்கிறது. அதைத் திரும்பக் கொண்டுவரும் வரைக்கும் பிஎல்சியில் நொடிக்கு ஒன்று கூடும் ஒரு கவுன்ட்டர் எழுதி, அதை ஒவ்வொரு திரையிலும் போடச் சொல்லுங்கள். ஐந்து நொடி அது மாறாவிட்டால் திரை முழுவதும் சாம்பல் நிறமாகி ஹூட்டர் அடிக்க வேண்டும். ஷிஃப்டை ஒப்படைக்கும்போது அந்த எண் ஓடுகிறதா என்பதையும் லாக் புத்தகத்தில் எழுத வையுங்கள்.