யாங்கோன் தமிழ்ச் சபையில் வரம் அறியும் தாள்கள்: வாக்னர் வினாத்தாளும் ‘ஷேப்’ முறையும்

சபையில் யாருக்கு என்ன வரம் (ஊழியத்துக்காகத் தேவன் அருளும் ஆற்றல்), யார் எதற்கு ஏற்றவர் என்று கண்டறிய உட்கார்ந்தால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் கைக்கு வரும். ஒன்று, ரிச்சர்ட் ஹௌட்ஸ் அமைத்து அமெரிக்க இறையியல் பேராசிரியர் பீட்டர் வாக்னர் திருத்திப் பரப்பிய வினாத்தாள். மற்றது, கலிபோர்னியாவில் ரிக் வாரன் 1980-ல் தொடங்கிய சாடில்பேக் சபையின் ஊழியப் பயிற்சியான 301-ஆம் வகுப்பில் சொல்லித்தரும் ‘ஷேப்’. வரம், வாஞ்சை, திறமை, சுபாவம், அனுபவம் ஆகிய ஐந்துக்குமான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. இரண்டுமே பர்மாத் தமிழரை நினைத்து எழுதப்பட்டவை அல்ல. அப்படியே அச்சடித்து விநியோகித்தால் பாதிப் பலன்கூட வராது.

வாக்னர் தாளின் பரவலான பதிப்பில் 125 வாக்கியங்கள், 25 வரங்கள். வரத்துக்கு 5 வாக்கியம். வாக்கியம் தனக்கு ‘மிகவும்’ பொருந்தும் என்றால் 3, ‘இல்லை’ என்றால் 0. ஆக ஒரு வரத்துக்கு அதிகபட்சம் 15. முதல் குழப்பம் விடைத்தாளின் கட்டத்திலேயே வந்துவிடும். முதல் வரிசையில் 1, 26, 51, 76, 101 என்று எண்கள் போகும். அதாவது மேலிருந்து கீழாக நிரப்பிவிட்டுக் குறுக்காகக் கூட்ட வேண்டும். பழக்கத்தில் குறுக்காக நிரப்புகிறவருக்கு ஐந்து வரங்களின் மதிப்பெண் ஒன்றாகக் கலந்துவிடும், கூட்டுத்தொகை மட்டும் பார்வைக்குச் சரியாகவே இருக்கும். நிரப்பத் தொடங்குமுன் ஒவ்வொரு பத்தியின் தலையிலும் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி போட்டுக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

சொல் விஷயம் இதைவிடப் பெரியது. நம் பழைய வேதாகமத்தில் ரோமர் 12:8 தலைமை வரத்தை ‘முதலாளியானவன்’ என்கிறது. யாங்கோனில் முதலாளி என்றால் கடைக்காரர். அந்தச் சொல்லைத் தாளில் பார்த்ததும் கடை வைத்திருப்பவர் 3 போடுவார், சம்பளக்காரர் 0 போடுவார். ‘புத்திசொல்லுதல்’ என்பது சோர்ந்தவரைத் தேற்றித் தூக்கி நிறுத்தும் வரம். அதைக் கண்டிப்பது என்று எடுத்துக்கொள்ளும் பெரியவர்கள் அதிகம். ‘ஊழியம்’ என்றாலே போதகர் வேலைதான் என்பது ஊறிப்போன எண்ணம், அதனால் ரோமர் 12:7-ல் உள்ள பணிவிடை வரம் பலருக்குத் தெரியாமலே போகிறது. தாலந்து (இயல்பான திறமை) என்றால் நம்மவருக்கு ஓய்வுநாள் பள்ளித் தாலந்துப் போட்டிதான், அதாவது பாட்டும் மனப்பாட வசனமும். இந்த நான்கு சொற்களையும் அரை மணி நேரம் விளக்காமல் பென்சிலைக் கொடுக்கக் கூடாது.

இன்னொன்று, 1960-களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு தமிழ் எழுத்துப் படிப்பு தேய்ந்துபோனது. தமிழ் பேசுகிற பிள்ளைகளில் பலர் பர்மியத்தில்தான் வாசிக்கிறார்கள். ஆகவே தாளைக் கையில் கொடுப்பதைவிட இருவர் நின்று வாசிப்பது நல்லது: ஒருவர் தமிழில், உடனே மற்றவர் பர்மியத்தில். வாக்கியத்துக்கு 25 விநாடி வைத்தால் ஏறக்குறைய 52 நிமிடம். அறுபதாவது வாக்கியத்தில் நிறுத்தித் தேநீர் கொடுங்கள்; களைத்த பிறகு எல்லாருமே 2 போடத் தொடங்குவார்கள். மின்சாரம் முறை வைத்து வருகிற ஊர், பகல் வெளிச்சத்திலேயே முடித்துவிடுங்கள்.

மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாம்? 14-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசத்தை நான் பொருட்படுத்த மாட்டேன். பத்து வருடமாக சமையற்கட்டிலேயே நிறுத்தப்பட்ட அக்காமாருக்கு உபசரிப்பு உச்சத்தில் வரும். அது வரமா, வேறு வாய்ப்பே கொடுக்காததா என்று தாள் சொல்லாது. தனக்குத்தானே 3 போடுவது பெருமை என்று கூசி எல்லாவற்றுக்கும் 1 போடுகிறவர்களும் உண்டு. இப்படிப்பட்ட ஒவ்வொருவருக்காகவும், அவரை நன்றாக அறிந்த இரண்டு பேரிடம் அதே தாளைக் கொடுத்து அவரைப் பற்றி நிரப்பச் சொல்லுங்கள். மூன்று தாளிலும் மேலே வருகிற வரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

‘ஷேப்’ இங்கேதான் முந்துகிறது. அதன் அனுபவப் பகுதி குடும்பம், படிப்பு, தொழில், ஆவிக்குரிய வாழ்வு, செய்த ஊழியம், பட்ட துன்பம் என்று ஆறையும் கேட்கிறது. நர்கிஸ் புயலில் (2008) வீடிழந்தவர், 2021 கொரோனா அலையில் ஆக்சிஜன் சிலிண்டருக்காக வரிசையில் நின்றவர், இவர்களிடம் வேறு யாரும் கொடுக்க முடியாத ஆறுதல் இருக்கிறது. 2 கொரிந்தியர் 1:4 சொல்வதும் இதுவே. திறமைப் பகுதியும் நமக்கு நன்றாகப் பொருந்தும். பர்மியம் சரளமாகப் பேசுகிறவர் தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டருக்கு எடுத்துச் சொல்வது, கணக்கு எழுதுகிறவர் காணிக்கைப் பேரேட்டைச் சீர்செய்வது, வயரிங் தெரிந்தவர் ஆலயத்து இன்வெர்ட்டரைக் கவனிப்பது, இவை எதுவும் 125 வாக்கியங்களில் அகப்படாது. கூடாரத்தைக் கட்டிய பெசலெயேலுக்குக் கைவேலைக்காகவே தேவ ஆவி அருளப்பட்டதாக யாத்திராகமம் 31 சொல்கிறதே, அதை இந்தப் பகுதிக்கு முன் வாசியுங்கள். சுபாவப் பகுதி மெலிந்தது, பத்து நிமிடத்தில் கடந்துவிடலாம்.

ஆனால் துன்பப் பக்கத்தை ஒருபோதும் கூட்டத்தில் வாசிக்க விடாதீர்கள். இந்த நாட்டில் அதில் என்னவெல்லாம் எழுதப்படும் என்று நமக்குத் தெரியும். தாளில் பெயருக்குப் பதில் எண் போதும். எழுதியவரோடு தனியாகப் பேசிக் கேட்பவர் குறிப்பு எடுக்க வேண்டாம், எழுதியவரே தாளை வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். பெண்களிடம் ஒரு மூத்த அக்கா, ஆண்களிடம் ஒரு மூப்பர், தனித்தனியே 40 நிமிடம் பேசட்டும். ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் எடுத்தால் இந்த உரையாடல்தான் முதலில் விடுபடும். அது விடுபட்டால் மிஞ்சுவது மதிப்பெண் பட்டியல் மட்டுமே.

முறையாகச் செய்ய ஆராதனைக்குப் பின் நான்கு ஞாயிறு வேண்டும்: முதல் வாரம் வேதபாடமும் சொல் விளக்கமும், அடுத்த வாரம் வினாத்தாள், பிறகு இரண்டு வாரம் தனி உரையாடல். ஐந்தாம் ஞாயிறே ஆளுக்கு ஒரு வேலை, மூன்று மாதத் தவணையில். தவணை முடிந்ததும், வேண்டாம் என்றால் மனஸ்தாபம் இல்லாமல் விலகலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பல சபைகளில் இது படுத்துப்போவது இந்தக் கட்டத்தில்தான்: முடிவு வந்துவிடும், வேலை வராது, தாள்கள் அலமாரிக்குப் போகும், அடுத்த வருடம் கூப்பிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். எனவே கூட்டத்தை அறிவிக்குமுன்பே சபைக் கமிட்டி பன்னிரண்டு வேலைகளையாவது எழுதி வைத்திருக்க வேண்டும்.

பதினைந்து குடும்பத்துக்குக் குறைந்த சபை என்றால் வாக்னர் தாளை வாங்கவே வேண்டாம். ‘ஷேப்’பின் திறமை, அனுபவப் பக்கங்களை மட்டும் பர்மியத்திலும் தமிழிலும் எதிரெதிரே அச்சடித்து, ஆளுக்கு ஒரு பென்சிலும் அழிப்பானும் கொடுத்தால் போதும்.