பூதத்துக்காக வரிசையில் நின்ற காலம்

எங்கள் வீட்டுச் சமையலறை நாள்காட்டியில் சிவப்பு மையால் புள்ளி வைத்திருந்தால் அன்று அலாதீன் பார்த்தோம் என்று பொருள். 2005 கோடையில் வைத்த முதல் புள்ளியில் தொடங்கி 2016 ஜனவரியில் வைத்த கடைசிப் புள்ளி வரை எண்ணினால் அறுபத்து மூன்று வருகிறது. பழைய நாள்காட்டிகளை என் கணவர் இரண்டு முறை குப்பைத் தொட்டி வரை கொண்டுபோனார். இரண்டு முறையும் மீட்டு வந்தேன்.

ஒரே நாடகத்தை அறுபத்து மூன்று முறை பார்க்க அதில் என்னதான் இருக்கிறது என்று கேட்காத உறவினர் இல்லை. வாயால் சொல்லி அலுத்துவிட்டது, எழுதிவிடுகிறேன்.

கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் டிஸ்னிலேண்டின் வாசலுக்கு நேர் எதிரே இன்னொரு பூங்கா உண்டு. 2001 பிப்ரவரியில் திறந்த டிஸ்னி கலிஃபோர்னியா அட்வென்ச்சர். அதற்குள் பழைய ஹாலிவுட்டைப் போல ஜோடித்த ஒரு தெரு, தெருக்கோடியில் ஹைபீரியன் அரங்கு. கீழ்த்தளம், நடுமாடம், பால்கனி என்று மூன்று அடுக்கில் ஏறத்தாழ இரண்டாயிரம் இருக்கைகள். பூங்காவுக்குள் வந்துவிட்டவர்களுக்கு அன்று நாடகத்துக்கென்று தனி டிக்கெட் கிடையாது. நாங்கள் முதல் நாள் அங்கே நுழைந்தது கலை ஆர்வத்தால் அல்ல. மகளுக்கு அப்போது ஐந்து மாதம். வெளியே ஆகஸ்ட் வெயில். பால் கொடுக்க இருட்டாக, குளிர்ச்சியாக ஓர் இடம் வேண்டியிருந்தது. பால்கனியின் கடைசி வரிசையில் போய் ஒடுங்கி உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்து, தூங்கிவிட்ட குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, சத்தம் வராமல் சிரிக்கப் படாத பாடு பட்டேன்.

சிரிக்க வைத்தது பூதம். நாடகம் 2003 ஜனவரியில் தொடங்கியது. இயக்கியவர் ஃபிரான்செஸ்கா சாம்பெல்லோ, ஆப்பரா உலகத்தில் பெயர் பெற்றவர். அலாதீன் திரைப்படத்துக்கு இசையமைத்த ஆலன் மென்கன் இளவரசி ஜாஸ்மினுக்காகப் புதிதாக ஒரு பாட்டும் போட்டுக் கொடுத்தார். ஒட்டகம், யானை, மாளிகை, பறக்கும் கம்பளம் எல்லாம் உண்டு. முக்கால் மணி நேரத்துக்குள் கதை முடிந்துவிடும். எல்லாம் எழுதி வைத்தபடியே நடக்கும், பூதம் பேசுவதைத் தவிர. 1992 படத்தில் பூதத்துக்குக் குரல் கொடுத்த ராபின் வில்லியம்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் தாமாகவே பேசித் தள்ளியவர். அந்த வழக்கத்தை மேடைப் பூதமும் விடாமல் பிடித்துக்கொண்டது. நேற்றிரவு நடந்த ஆட்டத்தில் யார் தோற்றார்கள், எந்த நடிகைக்கு மணமுறிவு, புதிதாக வந்த கைப்பேசிக்கு என்ன கோளாறு, பக்கத்து ராட்டினத்தில் எவ்வளவு நீள வரிசை என்று காலையில் நடந்தது மதிய ஆட்டத்தில் வந்து விழும். மதியம் எடுபடாத நகைச்சுவை நான்கு மணி ஆட்டத்தில் காணாமல் போயிருக்கும்.

அதனால்தான் வரிசையில் நிற்கும்போதே எங்கள் கூட்டத்தின் முதல் கேள்வி, "இன்றைக்கு யார் பூதம்?" அந்த வேடத்தை மாறி மாறிப் பலர் போட்டார்கள். ஒருவர் குரலை ஏற்றி இறக்கியே வேலையை முடிப்பார். இன்னொருவர் ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, சபை சிரிக்கும் வரை கல்போல நிற்பார். எனக்குப் பிடித்தவர் இந்த இரண்டாமவர். வரிசையில் எனக்குப் பழக்கமான ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். சட்டைப்பையில் சின்ன நோட்டுப் புத்தகம் வைத்திருப்பார். ஆட்டம் முடிந்ததும் அரங்கச் சுவரில் அதை அழுத்தி வைத்து, தேதி, மணி, பூதம் சொன்ன புதிய வரிகள் என்று எழுதுவார். ஒரே வரியை இரண்டு பேர் சொல்லியிருந்தால் யார் முதலில் சொன்னது என்று அம்புக்குறி போடுவார். அம்புக்குறி தப்பு என்று ஒரு கல்லூரிப் பையன் அவரோடு வாதாடுவான். இரண்டு பேரும் பேசி முடிப்பதற்குள் அடுத்த ஆட்டத்துக்கு வரிசை தொடங்கிவிடும், அப்படியே நின்றுவிடுவார்கள். நானும்தான்.

2009-இல் அப்பா ஊரிலிருந்து வந்து ஐந்து மாதம் தங்கினார். செஞ்சிப் பக்கத்துக் கிராமம். ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்தது 'நோ பிராப்ளம்' ஒன்றுதான். ராட்டினங்களில் ஏற மறுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் அவரையும் ஹைபீரியனுக்கே அழைத்துப் போனேன். தூங்கிவிடுவார் என்று நினைத்தேன். பூதம் வந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும். என் முழங்கையைத் தட்டி, "ஏம்மா, இவன் கட்டியங்காரன்தானே?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியக் கூத்து பார்த்து வளர்ந்தவர் அவர். ராஜா வேடம் திரைக்குப் பின்னால் காத்திருக்க, கட்டியங்காரன் முன்னால் வந்து ஊர்த் தலைவரைக் கிண்டல் செய்வான், டீக்கடைக் கடன் பாக்கியைச் சொல்வான், துரியோதனனிடமே "எந்த ஊர் சாமி உங்களுக்கு?" என்று கேட்பான். கதைக்குள்ளும் இருப்பான், வெளியே வந்து நம்மோடும் உட்கார்ந்துகொள்வான். பாரதத்தில் என்ன நடக்கப்போகிறது என்பது ஊருக்கே தெரியும். கட்டியங்காரன் இன்று யாரை வாரப்போகிறான் என்பது மட்டும் தெரியாது. அதற்காகவே பக்கத்து ஊரிலிருந்தும் பாயைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள். நாலு வருடமாக நான் செய்துகொண்டிருந்ததும் அதே வேலைதான் என்பது அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. "பாட்டுக்காரர்கள் எங்கே? மத்தளம் கேட்கிறது, ஆளைக் காணோமே?" என்றும் கேட்டார். இசை பதிவு செய்தது, பாடுவது மட்டும்தான் நேரில் என்றேன். "அப்படியானால் பாதிக் கூத்து" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். அந்தத் தீர்ப்பை நானும் ஏற்கிறேன்.

குறைகள் வேறும் உண்டு. ஒன்றரை மணி நேரப் படத்தைப் பாதியாகச் சுருக்கியதில், அலாதீனும் ஜாஸ்மினும் காதலிக்க நேரமே இருக்காது. கம்பளத்தில் ஏறினார்கள், காதல் வந்துவிட்டது. பூதத்துக்குக் கைதட்டல் கூடும் நாள்களில் அவர் ஐந்து வரி அதிகமாகப் பேசுவார், அதற்குப் பிறகு வில்லன் ஜாஃபர் வந்து எவ்வளவு உறுமினாலும் யாருக்கும் பயம் வராது. சுற்றுலா வந்த குடும்பங்களுக்கு உள்ளூர் நையாண்டி பல நேரம் புரியாது. நாங்கள் நாற்பது பேர் விழுந்து விழுந்து சிரிக்க, பக்கத்தில் இருப்பவர்கள் எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

எங்கே உட்காருவது என்பதில் எங்கள் கூட்டத்துக்குள் இரண்டு கட்சி. கீழ்த்தளத்தில் நடைபாதையை ஒட்டி உட்கார்ந்தால் இளவரசர் ஊர்வலம் உங்கள் தோளை உரசிக்கொண்டு போகும். யானை வரும்போது குழந்தைகள் முகத்தைப் பார்க்க வேண்டும். நடுமாடத்தின் முன்வரிசையில் உட்கார்ந்தால் கம்பளம் மேடையை விட்டு வெளியே வந்து உங்கள் கண்ணுக்கு நேரே மிதக்கும். நான் நடுமாடக் கட்சி. பால்கனியில் இருந்தால் கம்பளத்தைத் தாங்கும் அமைப்பு தெரிந்துவிடும். தெரிந்தாலும் கெட்டுப்போகாது, கூத்தில் திரைச்சீலைக்குக் கீழே ராஜாவின் கால் சலங்கை தெரிவதில்லையா?

நாடகத்தை நிறுத்தப்போகிறார்கள் என்ற செய்தி 2015-இல் வந்தது. 2016 ஜனவரி 10 கடைசி நாள். பதின்மூன்று வருடம் ஓடியது ஒரு பூங்கா நாடகத்துக்குச் சின்ன ஆயுள் இல்லை. அந்தக் கடைசி வாரத்தில் இரண்டு புள்ளி வைத்தேன். தபால்காரர் நோட்டுப் புத்தகம் கொண்டுவரவில்லை. கேட்டதற்கு, இடம் இல்லை என்றார். புத்தகத்திலா, அரங்கத்திலா என்று நான் கேட்கவில்லை.

அடுத்து 2016 மே 27-இல் அதே மேடைக்கு ஃப்ரோஸன் என்ற அக்கா தங்கை கதை வந்தது. லீசல் டாமி இயக்கியது. நியாயமாகச் சொன்னால் மேடைத் தொழிலில் அலாதீனைவிட இரண்டு படி மேல். ஏறத்தாழ ஒரு மணி நேரம். எல்சா பாடிக்கொண்டே நிற்கும் பனிப் படிக்கட்டு மேடையை விட்டு நகர்ந்து சபையின் தலைக்கு மேல் நீண்டு வரும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒன்பது புள்ளி வைத்தேன். பத்தாவது வைக்கத் தோன்றவில்லை. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே பெருமூச்சு, அதே இடத்தில் அதே சிரிப்பு. பொம்மையை இயக்கியபடி பனிமனிதன் ஓலாஃபாக நடித்தவர் பார்வையாளரிடம் ஏதாவது சொந்தமாகச் சொல்லிவிடுவார் என்று ஒன்பது முறையும் காத்திருந்தேன்.

என் மகள் இதை ஒப்புக்கொள்வதில்லை. அப்போது அவளுக்குப் பதினொரு வயது. "அம்மா, உனக்குப் பூதம்தான் பிடிக்கும், நாடகம் பிடிக்காது. ஜாஸ்மின் பாடும்போதெல்லாம் நீ கைப்பையில் தண்ணீர் புட்டி தேடுவாய்" என்றாள். உண்மைதான். ஆலன் மென்கன் தனியாகப் போட்டுக் கொடுத்த அந்தப் பாட்டின் பாதியை நான் புட்டி தேடியே கழித்திருக்கிறேன். அக்கா தங்கை கதையில் அவளுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை என்பது என் குறையாகவும் இருக்கலாம். அவள் தோழிகளோடு போய் எத்தனை முறை பார்த்தாள் என்பதற்குப் புள்ளிக் கணக்கு இல்லை.

2020 மார்ச்சில் பூங்காவே மூடியது. 2021 ஏப்ரல் 30-இல் திறந்தபோது ஃப்ரோஸன் திரும்பவில்லை. 2023 கோடையில் ரோஜர்ஸ்: தி மியூசிக்கல் என்று அரை மணி நேர நாடகம் ஜூன் 30 முதல் ஆகஸ்ட் 31 வரை மட்டும் நடந்தது. ஒரு தொலைக்காட்சித் தொடரில் வேடிக்கைக்காகக் காட்டிய பொய் நாடகத்தை மெய்யாகவே மேடையேற்றியது அது. இரண்டு முறை பார்த்தேன், சிரித்தேன். பாட்டுகள் பரவாயில்லை. எங்கள் பழைய வரிசைக் கூட்டத்தில் ஐந்தாறு பேரைப் பார்க்க முடிந்தது, அதுவே போதும் என்றிருந்தது. கல்லூரிப் பையனுக்கு இப்போது முன்வழுக்கை. கையில் குழந்தை.

ஃபுளோரிடாவில் என் சித்தி மகன் இருக்கிறான். அவன் அனிமல் கிங்டம் பூங்காவின் லயன் கிங் விழா நாடகத்துக்கு அடிமை. 1998-இல் பூங்கா திறந்த நாளிலிருந்து நடப்பது அது. 2014-இல் இடம் மாறியது. பெருந்தொற்றுக்குப் பிறகு கரணம் போடும் குரங்கு வேடக்காரர்கள் இல்லாமல் நடந்தபோது அவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான், 2022 ஜூலையில் குரங்குகள் திரும்பியதும் சமாதானமானான். அந்த நாடகத்தில் சபையை நான்காகப் பிரித்து, யானை, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, காட்டுப்பன்றி என்று ஆளுக்கொரு சத்தம் போட வைப்பார்கள். நான் போயிருந்தபோது காட்டுப்பன்றிப் பக்கம் கிடைத்தது. அப்பா இருந்திருந்தால் ரசித்திருப்பார். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் உறுமினேன்.

அலாதீனை மறுபடி பார்க்க வழியே இல்லையா என்று கேட்பவர்களுக்கு: 2012-இல் முதல் பயணம் கிளம்பிய டிஸ்னி ஃபேன்டஸி கப்பலுக்கும் இந்த நாடகத்தைக் கொண்டுபோனார்கள். கணவர் ஒரு முறை டிக்கெட் விலைகூடப் பார்த்து வைத்தார். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. ராமேஸ்வரத்தில் தோணியில் ஏறியே வாந்தி எடுத்தவள். அதோடு நடுக்கடலில் பூதம் எதைக் கிண்டல் செய்யும்? ராட்டின வரிசையும் கிடையாது, நேற்றைய ஆட்டமும் கிடையாது. ஒருவேளை என்னைப் போலப் பச்சை முகத்தோடு உட்கார்ந்திருப்பவர்களைச் செய்யலாம்.