நாலு வருஷமாகக் காலையில் படிக்கும் வீட்டு விலை ஆப்: கேட்ட தம்பிக்காக

வேலையிடத்தில் கூட இருக்கும் தம்பி போன வாரம் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். நான் படிக்கிற வணிகச் செய்தி ஆப்பின் ஆண்டுச் சந்தா பாதி விலைக்கு வந்திருக்கிறது. "அண்ணே, நீங்க காலையில பஸ்ல படிப்பீங்களே, இதுதானே? எடுக்கலாமா?" என்று கேட்டிருந்தான். அவனுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம், மாமியார் வீட்டில் இருக்கிறான், மறுவிற்பனை வீடு தேடுகிறான். வாட்ஸ்அப்பில் பதில் தட்ட ஆரம்பித்து நாலு பத்தி போனதும்தான் உறைத்தது, எனக்குள் இவ்வளவு கோபம் இருக்கிறது என்று. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். ஆப்பின் பெயர் வேண்டாம். படிக்கிறவர்களுக்கு அது எப்படிப்பட்ட ஆப் என்று புரியும்: காலை ஆறே முக்காலுக்கு ஒரு நோட்டிபிகேஷன், நிலம், வீடு, கடை வாடகை, ஏலம், யார் கடையை மூடினார்கள், யார் திறந்தார்கள், அவ்வளவுதான்.

நான் சேர்ந்தது 2022 ஜனவரியில். அதற்கு முந்தைய மாதம்தான் சிங்கப்பூர் அரசாங்கம் வீட்டுச் சந்தையைத் தணிக்க ஒரு சுற்று நடவடிக்கை எடுத்திருந்தது. காப்பிக்கடையில் ஆளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். யார் சொல்வது சரி என்று தெரிந்துகொள்ளத்தான் காசு கட்டினேன். அந்த வேலையை இந்த ஆப் ஒழுங்காகச் செய்கிறது, அதை மறைக்க மாட்டேன். இந்த ஊரில் வீட்டு விதி மாறுவது பெரும்பாலும் ராத்திரியில்தான். அறிவிப்பு வந்து நாம் தூங்கி எழுவதற்குள் அமலுக்கும் வந்துவிடும். 2023 ஏப்ரல் 26ஆம் தேதி நான் இரவு வேலையில் இருந்தேன். நள்ளிரவை ஒட்டி போன் அதிர்ந்தது: வெளிநாட்டவர் வீடு வாங்கினால் கட்ட வேண்டிய கூடுதல் முத்திரை வரி 30 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடு, இங்குள்ள குடிமக்கள் இரண்டாவது வீடு வாங்கினால் 17லிருந்து 20. எனக்கு ஒரு வீட்டுக்கே மூச்சு முட்டுகிறது, இரண்டாவது வீட்டுக்கு எங்கே போக. ஆனால் கூட வேலை பார்த்த சூப்பர்வைசர் முகம் மாறியதைப் பார்த்தேன். மறுநாள் ஒரு கொண்டோவுக்கு, அதாவது தனியார் அடுக்குமாடி வீட்டுக்கு, முன்பணம் கட்ட இருந்தாராம். 2024 ஆகஸ்டில் வீவக, அதாவது அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், வீட்டு விலையில் கொடுக்கும் கடனின் வரம்பு 80 விழுக்காட்டிலிருந்து 75 ஆனபோதும், 2025 ஜூலையில் வாங்கிய வீட்டைச் சீக்கிரம் விற்றால் விற்பவர் கட்ட வேண்டிய முத்திரை வரியின் காலம் மூன்று வருஷத்திலிருந்து நாலு வருஷமானபோதும் இதே கதைதான், முதலில் சொன்னது இந்த ஆப்தான்.

விளக்கக் கட்டுரைகளும் நன்றாகவே எழுதுகிறார்கள். தம்பி, இது உனக்கு. நீ பார்த்துவிட்டு வந்தாயே ஈசூன் வீடு, கழக வீடு குத்தகைக்குத்தான், அதில் 61 வருஷம்தான் மிச்சம். வாங்குகிறவர்களில் யார் இளையவரோ அவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை ஓட வேண்டும், அப்போதுதான் மசே நிதியையும் (சம்பளத்தில் பிடிக்கும் மத்திய சேம நிதி) கழகக் கடனையும் முழு அளவுக்கு எடுக்கலாம். உனக்கு 29, உன் மனைவிக்கு 27. 27ஐயும் 61ஐயும் கூட்டினால் 88. ஏழு வருஷம் இடிக்கிறது, அதற்கு ஏற்ப இரண்டையும் குறைத்துவிடுவார்கள், மிச்சத்துக்கு ரொக்கம் தேட வேண்டும். 2019லிருந்து இருக்கிற விதி இது. எனக்குப் புரிந்தது இந்த ஆப்பில் வந்த ஒரு கட்டுரையால்தான். உன் ஏஜென்ட் இதைச் சொன்னாரா?

சரி, இப்போது எரிச்சலுக்கு வருகிறேன்.

முதல் எரிச்சல் சின்னது. 'சாதனை' என்ற சொல்லை இவர்கள் தேய்த்துத் தேய்த்து நாராக்கிவிட்டார்கள். அந்த வட்டாரத்தில் சாதனை விலை, அந்த வகை வீட்டில் சாதனை விலை, அந்தத் தெருவில் நாலறை வீட்டுக்குச் சாதனை விலை. ஒரு நாள் காலையில் பார்த்தால் ஒரே பக்கத்தில் மூன்று சாதனை. 2024ல் ஒரு மில்லியன் வெள்ளிக்கும் (சிங்கப்பூர் டாலர்) மேல் கைமாறிய வீவக வீடுகள் 1,035. அந்த வருஷம் கைமாறிய மறுவிற்பனை வீடுகள் ஏறத்தாழ 29,000. அதாவது நூற்றுக்கு நாலு கூட இல்லை. ஆனால் இந்த ஆப்பை மட்டும் படிக்கிறவனுக்கு, மின்தூக்கியில் கூட வருகிற எல்லாருமே மில்லியன் வெள்ளி வீட்டுக்காரர்கள் மாதிரித் தெரியும். அதற்கு ஒரே படம் வேறு, கான்டோன்மன்ட் ரோட்டில் இருக்கிற அந்த ஐம்பது மாடிக் கட்டடம், வானத்தில் பாலம் போட்டது. செய்தி பீஷான் வீட்டைப் பற்றி இருக்கும், படம் அதுவாக இருக்கும்.

காலாண்டு விலைக் குறியீட்டையும் இரண்டு தடவை விற்கிறார்கள். மாத ஆரம்பத்தில் முன்னோட்ட மதிப்பீடு வரும்போது ஒரு முறை, மூன்று நாலு வாரம் கழித்து இறுதிக் கணக்கு வரும்போது இன்னொரு முறை. இரண்டுக்கும் நடுவே புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கம் மாறியிருக்கும். பரவாயில்லை, இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது 'என் புளோக்' என்ற வசதி. நம் முகவரியைப் பதிந்து வைத்தால் நம் புளோக்கிலோ பக்கத்து புளோக்கிலோ வீடு கைமாறும்போது உடனே சொல்லும், கூடவே நம் வீட்டின் 'இன்றைய மதிப்பு' என்று பச்சை எழுத்தில் ஒரு தொகையும் காட்டும். முதல் மூன்று வருஷம் எனக்கு இது போதையாகவே இருந்தது. 2022ல் மறுவிற்பனை விலை 10.4 விழுக்காடு ஏறியது, 2023ல் 4.9. தூங்கி எழுந்தால் வீடு நம்மைவிட நன்றாகச் சம்பாதித்திருக்கிறது. என் மனைவியிடம் காட்டுவேன். "காட்டினது போதும், குப்பையைக் கொட்டிட்டு வாங்க" என்பாள்.

போன வருஷம் ஒரு நாள் காலையில் வந்தது: எங்கள் புளோக், 10 முதல் 12ஆம் மாடிக்குள், ஐந்தறை, 121 சதுர மீட்டர், 720,000 வெள்ளி. மாடியைச் சரியாகச் சொல்ல மாட்டார்கள், மூன்று மூன்றாகத்தான் வரும். ஆனால் நாங்கள் பதினொன்றில் இருக்கிறோம், பத்தில் இருந்த அங்கிள் அதற்கு முந்தைய மாதம்தான் சாமான் ஏற்றிப் போனார், யார் வீடு என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளன் வேண்டியதில்லை. அதே அளவு, அதே பக்கம் பார்த்த ஜன்னல், எங்கள் சமையலறை அவருடையதைவிடப் புதிது. பச்சை எழுத்தும் 725,000 என்றது. மகள் செங்காங்கில் இருக்கிறாள், பேரன் பிறந்திருக்கிறான். இதை விற்று அவள் பக்கத்தில் ஒரு நாலறை வாங்கினால் கையில் கொஞ்சம் நிற்கும் என்று நானும் மனைவியும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பழைய மின்கட்டண உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். அந்த உறை இன்னும் குளிர்சாதனப் பெட்டி மேல்தான் இருக்கிறது.

ஏஜென்ட் வந்தார், நல்ல பிள்ளை. வீட்டைச் சுற்றிப் பார்த்தார், சமையலறையைப் பாராட்டினார், அப்புறம் போனை எடுத்து ஏதோ பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, உங்க புளோக்ல சைனீஸ் கோட்டா ஃபுல்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 1989லிருந்து வீவக பேட்டைகளில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருக்கிறது. ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் 15 என்று உச்சவரம்பு. வட்டாரத்துக்கு இதைவிடச் சற்றுக் குறைவாகத் தனி வரம்பு. சீனர் வரம்பு நிரம்பிவிட்ட புளோக்கில் சீனர் ஒருவர் இன்னொரு சீனருக்குத் தாராளமாக விற்கலாம், ஒருவர் போய் ஒருவர் வருவதால் விகிதம் மாறாது. நான் இந்தியன், சீனருக்கு விற்றால் அவர்கள் விகிதம் ஏறிவிடும், அதனால் விற்க முடியாது. சீனரான பத்தாம் மாடி அங்கிள் சந்தையில் இருந்த எல்லாரிடமும் விலை கேட்டுப் பார்த்தார். எனக்கு இந்தியரும் மலாய்க்காரரும்தான் வர முடியும். வந்தார்கள், நாலு குடும்பம். 650,000க்கு மேல் ஒருவர்கூடப் போகவில்லை. ஒருவர் பூஜை அறை திசை சரியில்லை என்றும் குறைத்துக் கேட்டார்.

கொள்கை சரியா தவறா என்று பேச நான் வரவில்லை. ஒரே இனம் ஒரே பேட்டையில் குவியக் கூடாது என்பதற்காக வந்தது, என் பிள்ளைகள் மாண்டரின் காதில் விழ வளர்ந்ததும் மலாய் வீட்டு நோன்புக் கஞ்சி குடித்ததும் இந்த ஏற்பாட்டால்தான். கோட்டா இடைஞ்சலால் விற்க முடியாமல் தவிக்கிறவர்களுக்கு, சில நிபந்தனைகளோடு கழகமே வீட்டை வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டையும் 2022ல் அறிவித்தார்கள். வரம்பு நிரம்பியிருக்கிறதா என்பதைக் கழகத்தின் இணையத்தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாதம் 1ஆம் தேதி புதுப்பிக்கிறார்கள். இலவசம். ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

என் கேள்வி ஆப்புக்காரர்களிடம். நாலு வருஷம் காசு வாங்கிக்கொண்டு, என் முகவரியை வைத்துக்கொண்டு, தினமும் பச்சை எழுத்தில் ஒரு தொகையைக் காட்டினீர்களே, அதன் கீழே 'விற்பவரின் இனத்தையும் அந்த மாதத்து வரம்பையும் பொறுத்து இது மாறலாம்' என்று ஒரு வரி போட்டால் என்ன? அந்தத் தொகை அங்கிளுக்குப் பொருந்துவது, எனக்கு அல்ல. இதே புளோக்கில், இதே கூரைக்குக் கீழே, ஒரே அளவு வீட்டுக்கு இரண்டு விலை இருக்கிறது. ஒன்றைத்தான் இவர்கள் அச்சடிக்கிறார்கள். வாடிக்கையாளர் சேவைக்கு நீளமாக மின்னஞ்சல் எழுதினேன், தமிழில் எழுதி இங்கிலீஷில் மாற்றி, மகளிடம் காட்டித் திருத்தி. இரண்டு வாரம் கழித்து, கருத்துக்கு நன்றி, தயாரிப்புக் குழுவுக்கு அனுப்பிவிட்டோம் என்று பதில். பச்சை எழுத்து இன்றைக்கும் அப்படியே இருக்கிறது, 738,000 ஆகியிருக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள், தம்பி. செய்தியில் வருவது விற்ற விலை மட்டும்தான். 2014லிருந்து விலையைப் பேசி முடித்த பிறகுதான் மதிப்பீடு வரும். பேசியதைவிட மதிப்பீடு 30,000 குறைவாக வந்தால் அந்த 30,000ஐ ரொக்கமாகத்தான் வைக்க வேண்டும், மசே நிதியைத் தொட முடியாது. அந்தத் தொகை எந்த விலைப் பட்டியலிலும் இல்லை. வாங்குகிறவனுக்குத் தூக்கம் கெடுவது அதனால்தான்.

இவ்வளவு திட்டிவிட்டு இதையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. தினசரிப் பதிப்பின் அடியில், யாரும் கீழே தள்ளிப் பார்க்காத இடத்தில், ஒரு சின்னப் பகுதி வரும். அங்காடிக் கடைக்கு ஏலம் எவ்வளவு போனது, எந்தக் காப்பிக்கடை கைமாறியது, எந்த இடத்தில் மளிகைக்கடை மூடி மூக்குக்கண்ணாடிக் கடை வருகிறது. தெம்பனிஸ் காப்பிக்கடை ஒன்று 2022ல் 41.68 மில்லியன் வெள்ளிக்குப் போனதையும், 2024ல் மரீன் பரேடு உணவங்காடி நிலையத்தில் ஒரு கடைக்கு மாதம் 10,158 வெள்ளி வாடகை கொடுக்கிறேன் என்று யாரோ ஏலம் கேட்டதையும் நான் அங்கேதான் படித்தேன். பெரிய செய்திகளில் இல்லாத ஊர் அந்த நாலு வரியில் இருக்கும்.

அப்படி ஒரு நாள், எங்கள் பேட்டையிலேயே ஒரு காப்பிக்கடை விற்றுவிட்டதாகவும் புதுப்பிக்க மூடப்போவதாகவும் இரண்டு வரி. அங்கே ஒரு பரோட்டாக் கடை. பையன் தொடக்கநிலை ஒன்றில் இருந்ததிலிருந்து ஞாயிறு காலை அங்கேதான். பஸ்ஸை விட்டு இறங்கி நேராகப் போனேன். கடைசி நாள் என்று அட்டை எதுவும் ஒட்டவில்லை. கல் பக்கத்தில் தகர டப்பாவில் எண்ணெய், சுவரில் முருகன் படம் போட்ட காலண்டர், அவர் மாவை வீசிக்கொண்டிருந்தார், மணிக்கட்டில் வழக்கமான அந்த வெள்ளைத் துணிக்கட்டு. செய்தியைப் பார்த்தேன் என்றதும் "பேப்பர்லேயே வந்துருச்சா?" என்றார். "எத்தனைக்கு வித்தாங்களாம்?" போனில் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். அந்தக் காசுக்கு எத்தனை கோசோங் (ஒன்றும் வைக்காத வெறும் பரோட்டா) புரட்ட வேண்டும் என்று வாய்க்குள் கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் கல்லில் இருந்தது கருகுகிறது என்று விட்டுவிட்டார். எனக்கு இரண்டு கோசோங், ஒரு முட்டை, மீன் குழம்பு. இன்னும் ஒன்பது நாள் கடை இருந்தது. வேலை நாளிலும் ஏழு நாள் போனேன். அந்த இரண்டு வரி இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வந்து மூடிய பலகையைத்தான் பார்த்திருப்பேன்.

வீட்டை நான் இன்னும் விற்கவில்லை. ஒவ்வொரு 1ஆம் தேதியும் கழகத்தின் தளத்தில் போய் முகவரியைத் தட்டிப் பார்க்கிறேன். ஒரு மாதம் சீனர் வரம்பு திறந்தது, அந்த மாதம் ஏஜென்ட் ஊருக்குப் போயிருந்தார். சந்தாவை ரத்து செய்யவும் ஒருமுறை முயன்றேன். அதற்கு அலுவலக நேரத்தில் போன் பண்ண வேண்டுமாம், சேருவதற்கு மட்டும் ஒரு தட்டு போதும்.

ஆகவே தம்பி, உனக்கு என் பதில்: கட்டாதே. நீ வாங்குகிறவன், உனக்கு வேண்டியதெல்லாம் கழகத்தின் தளத்திலேயே இருக்கிறது, விற்ற விலை, மிச்சக் குத்தகை, கோட்டா, எல்லாமே. கோட்டாவை முதலில் பார், வீட்டை அப்புறம் பார். இந்தியர் வரம்பு நிரம்பிய புளோக்காக இருந்தால் இந்தியரோ மற்றவரோ விற்கிற வீட்டைத்தான் உன்னால் வாங்க முடியும். இந்த ஆப்பைப் படித்தால் வாராவாரம் மூன்று சாதனையைப் பார்த்துப் பயந்து, அவசரப்பட்டு எதையாவது வாங்கிவிடுவாய்.

பாதி விலை ஞாயிற்றுக்கிழமை ராத்திரியோடு முடிகிறது என்று போட்டிருந்தார்கள். நான் சனிக்கிழமையே கட்டிவிட்டேன். மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை.